மடியில் கிடந்த கை

என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் அவரைப் பேசிய பேச்சை நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல வருகிறது.

அவர் லாரி டிரைவர். சொந்த வண்டி, ஒரே வண்டி. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலிருந்து பாலக்காட்டுக்கு முட்டை லோடு அடிப்பார். புதுச்சத்திரத்தில் ஹைவேயை விட்டு இறங்கி உள்ளே வந்தால் எங்கள் வீடு. வாசலில் வேப்பமரம், அதனடியில் வண்டி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமான புதிதில் தனியாக வீட்டில் இருக்க மாட்டேன் என்று அழுது, பல தடவை அவரோடு பாலக்காடு போயிருக்கிறேன். டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் இருக்கிற இன்ஜின் பெட்டிமேல் போர்வையை மடித்துப் போட்டு உட்காருவேன். கோயம்புத்தூர் வருவதற்குள் தூங்கிவிடுவேன். அதெல்லாம் பழைய கதை. இருபது வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வது "சாப்பாடு போடட்டுங்களா", "போடு" என்கிற அளவுக்கு வந்திருந்தது.

ஒருநாள் காலையில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கொழுந்தனாரின் காரில் போட்டு, அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் அடைத்துவிட்டது, அதனால் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன, உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். நாங்கள் உயிர் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் பேச்சுத் தெளிந்துவிட்டது. டாக்டர் கட்டிலோரம் நின்று, "இடது கையத் தூக்குங்க பாக்கலாம்" என்றார்.

"தூக்கிட்டேனுங்க" என்றார் இவர்.

கை போர்வைமேல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன்.

"எவ்வளவு தூரம் தூக்குனீங்க?"

"உங்க மூக்குக்கு நேரா நிக்குதுங்களே. தெரியலீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, ரெண்டு கையும் தட்டுங்க" என்றார். இவர் வலது கையை மட்டும் உயர்த்தி, நெஞ்சுக்கு நேராகக் காற்றில் இரண்டு முறை அடித்தார். எதிரே வந்து மோத எதுவும் இல்லை.

"சத்தம் கேட்டுச்சுங்களா?"

"ஏன் கேக்காம? நல்லாத்தான கேட்டுச்சு."

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில், எனக்குத்தான் காது கேட்கவில்லையோ என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா என் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எனக்கு அன்று பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அவர் சுபாவம் அது. காய்ச்சலோடு வண்டி ஓட்டிவிட்டு ஒண்ணுமில்லை என்பார். விரல் நசுங்கி ரத்தம் சொட்டும்போதும் ஒண்ணுமில்லை என்பார். இப்போதும் அதே வீம்பு என்று நினைத்தேன். "ஏனுங்க, டாக்டர்கிட்டயுமா உங்க சவடாலு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்து, "நீ கம்முனு இரு புள்ள, உனக்கெதுக்கு அசதி" என்றார். அசதி எனக்கா? அட கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பார்க்க வந்த சனம் என் எரிச்சலை இன்னும் கூட்டியது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படுத்துக் கிடப்பவரிடம் அவருடைய நோவின் பேரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் மனசு விட்டுப்போகும், மனசு விட்டால் ஆள் போய்விடும் என்று பயம். என் மாமியாருக்கு வயிற்றில் புற்று வந்தபோது எட்டு மாதமும் அதைக் குடல்புண் என்றே சொல்லி வந்தோம். அந்தக் காவல் வேலையை முன்னால் நின்று பார்த்தவரே இவர்தான். வருகிறவர்களை வேப்பமரத்தடியிலேயே நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்து, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுவார். அவர் அம்மா கடைசிவரை குடல்புண்ணோடுதான் செத்தது.

அதே சனம் இப்போது இவருக்காகச் சாத்துக்குடியும் பிரட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்னுங்க, ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல வண்டி ஏறிருவீங்க" என்றது. கை கால் வராமல் கிடக்கிற மனிதரிடம் வண்டி ஏறிவிடுவீர்கள் என்று சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வீம்பு, சவடால், நடிப்பு என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பக்கவாதம் என்று மட்டும் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. நான் பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, இவர் கொழுந்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதே. தாங்க மாட்டா."

எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. இவருக்குத் தன் கை விழுந்தது தெரியும், நான் பயப்படுவேன் என்று என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அழுகை. சரி, எத்தனை நாளைக்கு நடிப்பாரோ நடிக்கட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வீடே வேறு மாதிரி ஆகிப்போனது. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்பார். இடப்பக்கத்துச் சோறு கோடு கிழித்தாற்போல அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான் போட்டயா" என்று சந்தோஷமாகச் சாப்பிடுவார். முகச் சவரமும் பாதிதான். வலது கை மட்டும் எந்நேரமும் மடியில் கிடக்கிற இடது கையைத் தடவிக்கொண்டே இருக்கும். நான் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கச் சுவரோடு பேசுவார். இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டில் போட்டிருந்த வாக்கில் நான் நின்று செய்வதெல்லாம் அந்த இடப்பக்கம்தான். நான் நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் மதியம் சொன்னார்: "வெடியால டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வந்தேன். புது பெஞ்சு போட்டிருக்கறான். பச்சக் கலரு."

கட்டிலைவிட்டு இறங்காத மனிதர். நான் பால் வாங்கும் சாக்கில் டீக்கடைக்குப் போனேன். புது பெஞ்சு இருந்தது. பச்சைப் பெயின்ட் இன்னும் காயவில்லை. பார்க்க வந்தவர் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் வெயிலில் நின்றபடியே உடம்பு சிலிர்த்துவிட்டது. பால் வாங்காமலே திரும்பி வந்தேன்.

கை காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் ஸ்கூட்டரில் வருவாள். "அண்ணா, கையக் குடுங்க" என்பாள். "எனக்கு என்ன தாயி கேடு? நீ போயி நோயாளியப் பாரு" என்று அனுப்பிவிடுவார். அவள் தினமும் வாசலில் நின்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள்: "அக்கா, முதல் மூணு மாசம்தான் நமக்குக் கெடைக்கிற நேரம். இதை விட்டா கை வர்றது கஷ்டம்."

அதற்குள் ஒருநாள் இவர் விழுந்துவிட்டார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே பொத்தென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறார், நெற்றி கிழிந்து ரத்தம் காதுவரை இறங்கியிருக்கிறது. வண்டிக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க எழுந்தாராம்.

"விழுந்துட்டீங்களே சாமி!" என்று கத்தினேன்.

தரையில் கிடந்தபடியே, அமைதியான குரலில் சொன்னார். "எங்க விழுந்தேன்? நின்னுட்டுத்தான இருக்கறேன்."

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடத் தெரியாதா? அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் பிடித்தது.

நெற்றிக்குத் தையல் போட அஸ்தம்பட்டிக்கே போனோம். அவரைத் தையல் போட்ட கட்டிலிலேயே விட்டுவிட்டு டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "அவர் பொய் சொல்லலைங்கம்மா. கையத் தூக்குன்னு மூளை உத்தரவு போடுது. கை தூக்கலைன்னு திரும்பி வந்து சொல்லணும் இல்லீங்களா, அந்த ஒயரு அறுந்துபோச்சு. சேதி வராததால வேலை நடந்துருச்சுன்னு மூளை நம்பிக்குது. நீங்க டிரைவர் ஊட்டுக்காரங்கதானே? டீசல் மீட்டர் ஒயர் அறுந்து, முள்ளு ஃபுல்லுலயே நின்னுபோன வண்டின்னு நெனச்சுக்குங்க. டேங்க் காலியானது டிரைவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. நடு ரோட்டில் நின்ற பிறகுதான் தெரியும்.

"பெரும்பாலும் இது தானா சரியாகும், ஆனா எப்பன்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் எந்திரிச்சுட்டேதான் இருப்பாரு. அடுத்த தடவை இடுப்பு எலும்பு போகும். பயிற்சியும் செய்ய மாட்டாரு" என்றார் டாக்டர். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். சண்டை போடாமல் மெதுவாகப் புரிய வையுங்கள் என்றார். மெதுவாக என்பது எனக்கு வராத ஒன்று.

வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எடுத்தேன். ஒரு டிரைவரிடம் எதைச் சொன்னாலும் ஏறாது, வண்டியில் ஏற்றிவிட்டால் வண்டியே சொல்லிவிடும் என்று நினைத்தேன். கியர் போடுவது இடது கை, கிளட்ச் மிதிப்பது இடது கால். இரண்டும் இல்லாமல் எப்படி ஓட்டுவார்? பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, கொழுந்தனாரும் பக்கத்துத் தோட்டத்து ஆளும் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் துண்டும் போட்டுக் கட்டினார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். நான் இடப்பக்கம் ஏறி, பழைய வழக்கப்படி இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடாத வண்டி. பெட்டி சில்லென்று இருந்தது.

அவர் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் ஓட்ட ஆரம்பித்தார்.

வண்டி அசையவில்லை, சாவிகூடப் போடவில்லை. ஆனால் அவர் ஓட்டினார். கண்ணாடிக்கு வெளியே எங்கள் வீட்டுச் சுவரும், கொடியில் என் சேலையும்தான் இருந்தன. அவர் கண் தூரத்து ரோட்டைப் பார்த்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். "ஹைவே ஏறியாச்சு" என்றார். "மூணு போட்டாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நாலு." கியர் ராடு என் முழங்கால் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு வேகத்தடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏற்றி இறக்கினார், முட்டை உடையக்கூடாதல்லவா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த கையை உடனே விட்டேன். இப்படியே போனால் இரண்டு பேரும் பாலக்காடு போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று திகிலாகிவிட்டது. "ஏனுங்க" என்று கூப்பிட்டேன்.

"ம்" என்றார், வலப்பக்க ஜன்னலைப் பார்த்து.

"கியரு எந்தக் கையில போடறீங்க?"

"இதென்ன கேள்வி? எடது கையிலதான்."

"அப்ப உங்க மடியில கெடக்கறது யாரு கை?"

அவர் குனிந்தார். அந்த இடது கை அவர் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, விரல் மடங்கிக் கிடந்தது. வெகுநேரம் பார்த்தார். இப்போது தெரிந்துவிடும், இப்போது அழுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, வலது கையால் அந்தக் கையை மெதுவாக மூடிக்கொண்டார்.

"உன்ற கைதான் புள்ள" என்றார்.

நான் குனிந்து என் கையைப் பார்த்தேன்.

"வண்டி ஏறுனாத் தூங்கிருவயே நீ. தூங்கறப்ப கையத் தூக்கி என்ற மடியில போட்டுக்குவே. அப்பெல்லாம் இன்ஜின் சூட்டுல உன்ற கை கொதிக்கும். இப்பத்தான் எந்நேரமும் சில்லுன்னு கெடக்குது. அசைய மாட்டீங்குது." அந்தக் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே பேசினார். "உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சேன். இனி மறச்சு என்ன பண்றது? உனக்குக் கை வராம போயிருச்சு கண்ணு. பயப்படாதே. நானிருக்கறேன்."

கண்ணு என்றார். கல்யாணமான முதல் வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அவர் அதைச் சொன்னது என்னைப் பார்த்து இல்லை, அந்தக் கையைப் பார்த்து.

வேப்பமரத்தடியில் நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட அதே ஆள். அம்மாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்திருக்கிறார். மூன்று வாரமாக அந்த வீட்டில் நோயாளி நான்தான், எனக்குத்தான் அது தெரியவில்லை. நான் திட்டியதையெல்லாம் நோயாளியின் பேச்சு என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். இரவும் பகலும் அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாரே, அதெல்லாம் என்னைத்தான் தடவியிருக்கிறார். நான் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "அழுகாதே, வந்துரும், கை வந்துரும்" என்று அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் இரண்டு கையும் முந்தானையில் இருந்தன.

அன்று மதியம் பாத்திரம் கழுவும்போது என் இடது கை மரத்துப்போனது போலிருந்தது. சொம்பை இடது கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்கினேன். நிஜமாகத்தான் தூக்கினேனா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு வேறொரு ஆள் வேண்டியிருந்தது. பின்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோட்டத்து அக்காவைக் கூப்பிட்டு, "ஏனக்கா, நான் எந்தக் கையில சொம்பு வெச்சிருக்கறேன்?" என்று கேட்டேன். "எடது கையில. ஏனம்மணி, உனக்கு என்னாச்சு?" என்றது அது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் பயிற்சிப் பெண் வந்தபோது நான் அவளை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவள் புத்திசாலி, உடனே பிடித்துக்கொண்டாள். உள்ளே போய், "அண்ணா, அக்கா கைக்குப் பயிற்சி குடுக்கணும். நீங்கதான் தெனமும் செய்யணும்" என்றாள்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டாமா தாயி?" என்று கோபித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஒரு வேளை தவறவில்லை. வலது கையால் அந்தக் கையைத் தூக்குவார், மடக்குவார், விரல் விரலாக நீட்டுவார். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, வாய்விட்டு எண்ணுவார். "விடாதே புள்ள. இன்னும் ரெண்டுதான்" என்பார். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாத இடத்திலிருந்து, "வலிக்குதுங்க, மெதுவா" என்று குரல் மட்டும் கொடுப்பேன். கட்டிலைவிட்டு எழுவதையும் நிறுத்திவிட்டார். எழுந்தால் என் கையை விட வேண்டியிருக்குமே. ஏமாற்றுகிறோமே என்று மனசு குத்தும். சில நாள் அதைவிடக் கேவலமாக, அந்தக் கைமேல் எனக்குப் பொறாமையாகவும் இருக்கும். அதனிடம் பேசுகிற பேச்சில் பாதியை என்னிடம் பேசியிருக்கலாம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு, ததும்புகிறதே என்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஏதோ ஞாபகத்தில் வலப்பக்கமாகப் போய் நின்றுவிட்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறு. ஏழு. எட்டு." அந்தக் கையின் கட்டை விரல் கொஞ்சம் அசைந்தது. நானும் பார்த்தேன்.

"புள்ள, அசைஞ்சுது! நீதான அசைச்சே?" என்று கத்தி, தலையைத் தூக்கினார். எதிரே நான். டம்ளரைச் சுற்றி என் இரண்டு கைகள். அவர் அதைப் பார்த்தார். குனிந்து பிடியில் இருந்த கையைப் பார்த்தார். மறுபடி என்னுடையதை. அவர் உதடு எண்ணியது எனக்குத் தெரிந்தது. மூன்று.

அப்புறம் அந்தக் கையை வலது கையால் தடவிக்கொண்டே மேலே போனார். மணிக்கட்டு, முழங்கை, அதற்கு மேலே. ஓடுகிற பூச்சி ஒன்று எங்கே போகிறது என்று பார்ப்பவர் மாதிரி, ரொம்ப மெதுவாக. தோளுக்கு வந்தார். தோளிலிருந்து கழுத்துக்கு. அவருடைய கழுத்து. அங்கே கை நின்றுவிட்டது.

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார்.

இரண்டரை மாதமாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாததை நான் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத்தான். பக்கவாதம். எடது கையும் காலும் விழுந்துருச்சு. அது உங்க கை."

மனசு விட்டுவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்ல வேள புள்ள" என்றார். "நான் பயந்தே போயிட்டேன்."

அதன் பிறகு, எட்டில் நிற்கிறது, இன்னும் இரண்டு பாக்கி என்று சொல்லி, அந்தக் கையைத் தூக்கி ஒன்பது, பத்து என்று எண்ணி முடித்தார்.